ஏட்டுச் சுரைக்காயும் வீட்டுக் கறியும்

1747-ம் வருஷத்தில் ‘ஸாலிஸ்பரி’ என்னும் பிரிட்டிஷ் போர்க் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர் ஒரு சோதனை நடத்தினார். நெடுந்தூரம் கடலில் செல்லும் மாலுமிகள் ஈறு வீங்கி, பல் ஆடி, உடல் தளர்ந்து, கூட்டம் கூட்டமாக மாண்டுகொண்டிருந்த காலம் அது. ‘ஸ்கர்வி’ என்பது அந்த நோயின் பெயர். லிண்ட் நோயாளிகளில் 12 பேரைப் பொறுக்கி, இருவர் இருவராக ஆறு ஜோடிகளாய்ப் பிரித்தார். ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல் நீர், இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடி மட்டும் ஒரு வாரத்துக்குள் எழுந்து நடமாடிற்று. 1753-ல் லிண்ட் இதையெல்லாம் புத்தகமாகவும் எழுதி வெளியிட்டார். ஆனால் பிரிட்டிஷ் கடற்படையார் தங்கள் மாலுமிகளுக்கு எலுமிச்சஞ் சாறு கொடுக்க உத்தரவிட்டது எப்போது தெரியுமா? 1795-ல்! இடையில் கழிந்தவை 48 வருஷங்கள்.

எலுமிச்சம்பழம் அவ்வளவு அரிய பொருளா? அல்ல. கண்டறிவது ஒரு வேலை; கண்டறிந்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொரு வேலை. முதல் வேலைக்குப் பட்டமும் பரிசும் உண்டு. இரண்டாவது வேலையோ பெரும்பாலும் ‘எப்படியாவது நடந்துவிடும்’ என்று விடப்படுகிறது. எப்படியாவது நடப்பதே இல்லை என்பதற்கு அந்த 48 வருஷங்களில் செத்த மாலுமிகளே சாட்சி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

‘அது பாய்மரக் கப்பல் ஓடிய காலம், இப்போது அப்படி நடக்குமா?’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. 2000-ம் வருஷத்தில் இரு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு ஒன்றை வைத்திய உலகத்தார் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். வைத்திய ஆராய்ச்சிகளில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் நோயாளிக்குப் பயன்படும் நிலைக்கு வருகிறதாம். அந்த ஒரு பங்கு வந்து சேருவதற்கும் சராசரியாக 17 வருஷம் பிடிக்கிறதாம். கைக்குழந்தை காலேஜுக்குப் போகும் வயதாகிவிடுகிறது!

உடம்பு நோயின் கதியே இப்படியென்றால், மனத்தின் நோயைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

தலைவலி என்று வருகிறவர்கள்

மனோவியாதி என்றவுடன் சங்கிலியும் கூச்சலும்தான் நம் கண் முன் நிற்கின்றன. உண்மையில் அப்படிப்பட்ட கடும் நோய் சிலருக்கே வருகிறது. பலரை வருத்துவது மனச்சோர்வு. தூக்கம் பிடிக்காது, சோறு இறங்காது, செய்த வேலையில் பற்று இராது, ‘நான் இருந்து யாருக்கு என்ன லாபம்?’ என்ற நினைவு ஓயாமல் அரிக்கும். இந்த நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘மனம் சரியில்லை’ என்று சொல்வதில்லை. ‘தலை வலிக்கிறது, உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடக்கிறது’ என்கிறார். வரிசையில் ஐம்பது பேர் காத்திருக்கும் டாக்டர் ஒரு சத்து மாத்திரையும் ஒரு தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்து அடுத்தவரைக் கூப்பிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; அவருக்கு உள்ள நேரம் இரண்டு நிமிஷம்.

2015-16-ல் பெங்களூர் ‘நிம்ஹான்ஸ்’ மனநல நிலையத்தார் தமிழ்நாடு உட்பட 12 ராஜ்யங்களில் வீடு வீடாகச் சென்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயுடன் இருப்பது தெரிந்தது. அவர்களில் சிகிச்சை பெறாதவர்கள், நோய்க்குத் தக்கபடி, நூற்றுக்கு 70 முதல் 92 பேர். மருந்து கண்டுபிடிக்கப்படாததால் அல்ல. பேசிக் குணப்படுத்தும் முறைகள் இல்லாததாலும் அல்ல. எலுமிச்சம்பழம் கூடையில் இருக்கிறது. கப்பலுக்குத்தான் வந்து சேரவில்லை.

நம் தேசம் முந்திக்கொண்ட கதை

இவ்விஷயத்தில் நம் தேசம் பின்தங்கியே இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வித்யா சாகர் என்பவர் தலைவராக இருந்தார். ஆஸ்பத்திரியில் இடமுமில்லை, ஆளுமில்லை. மற்றொருவராயிருந்தால் சர்க்காருக்கு மனுப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார். வித்யா சாகரோ ஆஸ்பத்திரித் தோட்டத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியுடன் அவர் குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். தாயும் தமையனும் கூடவே இருந்து நோயின் தன்மையைக் கற்றுக்கொண்டார்கள். நோயாளியும் கைவிடப்பட்டோம் என்ற ஏக்கமின்றித் தேறினார். மேல்நாட்டார் பிற்காலத்தில் பெரிய பெரிய பெயர் சூட்டிய ஒரு முறையை நம்மவர் கித்தான் கூடாரத்தில் நடத்திக் காட்டிவிட்டார்.

பிறகு 1970-களில் பெங்களூரை அடுத்த சாகலவாராவிலும், ஹரியானாவிலுள்ள ராய்ப்பூர் ராணியிலும் மற்றொரு சோதனை நடந்தது. கிராமச் சுகாதார ஊழியருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் மனநோயை அடையாளம் காணவும், எளிய சிகிச்சை செய்யவும் கற்றுக் கொடுக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்று விடை கிடைத்தது. அந்த விடையின் பலத்தில் 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. வறிய நாடுகளில் இத்தகைய திட்டத்தை முதன் முதலாக ஏற்ற தேசங்களில் நம்முடையது ஒன்று. 1985 முதல் 1990 வரை கர்நாடகத்தின் பெல்லாரி ஜில்லா முழுவதிலும் அத்திட்டத்தை நிம்ஹான்ஸ் நிபுணர்கள் நடத்திப் பார்த்தார்கள். ஊழியருக்குப் பயிற்சி, நிலையத்தில் மருந்து, எளிய பதிவேடு, மாதந்தோறும் பரிசீலனை என்று எல்லாம் ஒழுங்காக நடந்தன, பலனும் கிடைத்தது.

அப்புறம்? பெல்லாரி மாதிரியை மற்ற ஜில்லாக்களுக்கு விஸ்தரிக்கும் வேலை 1996-ல், நான்கே ஜில்லாக்களில் தொடங்கிற்று. விஸ்தரித்த பல இடங்களில் மனநோய் வைத்தியர் பதவி காலியாகவே கிடந்தது. ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பியது. பயிற்சி வகுப்பு மட்டும் நடந்தது. சான்றிதழுடன் வீடு திரும்பிய டாக்டரை அதன் பிறகு யாரும் வந்து, ‘எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? எங்கே சந்தேகம் வந்தது?’ என்று கேட்கவில்லை. பெல்லாரியில் பலன் தந்த மாதாந்தரப் பரிசீலனை, பெல்லாரியை விட்டு வெளியே வரும்போது பின்தங்கிவிட்டது.

இந்தத் தாமதத்தின் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு மறக்க முடியாது. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப் பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். தங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேறு வழி இருப்பதாக அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தேசிய திட்டம் எழுதப்பட்டு அப்போது 19 வருஷமாகியிருந்தது.

கோவாவில் கிடைத்த விடை

நோய் பெரிது, நிபுணர் சிலர். அப்படியானால் நிபுணர் அல்லாதவர் எதைச் செய்ய முடியும்? இதற்கு விடை கிடைக்க, சிகிச்சை முறையே முதலில் எளிதாக வேண்டியிருந்தது. 1996-ல் அமெரிக்காவில் நீல் ஜேக்கப்ஸன் என்ற மனோதத்துவ நிபுணரும் அவர் தோழர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சையில் பல பகுதிகள் உண்டு. அவற்றைத் தனித் தனியே பிரித்துச் சோதித்ததில், நோயாளியை மறுபடி செயலில் ஈடுபடுத்தும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்குச் சமமான பலனைத் தந்தது. சோர்வு வந்தவர் வேலையை விடுகிறார். வேலையை விட்டதால் மகிழ்ச்சி தரும் காரியங்கள் குறைகின்றன. அதனால் சோர்வு மேலும் ஏறுகிறது. இந்தச் சக்கரத்தைப் பின்புறமாகச் சுழற்ற வேண்டும். ‘மனம் சரியானபின் எழுந்திருக்கலாம்’ என்று காத்திராமல், சிறு காரியம் ஒன்றை இன்றே செய்யத் தொடங்குவது. செய்தபின் மனம் எப்படி இருந்தது என்று கவனிப்பது. அடுத்த வாரம் இன்னும் ஒன்று. இதைக் கற்றுக் கொடுக்கப் பெரிய பட்டம் வேண்டியதில்லை.

கோவாவில் ‘சங்காத்’ என்ற தர்ம ஸ்தாபனமும் டாக்டர் விக்ரம் பட்டேல் முதலியோரும் இந்த வழியில் இரண்டு பெரிய சோதனைகள் நடத்தினார்கள். 2010-ல் வெளிவந்த முதல் சோதனையில் 12 சர்க்கார் சுகாதார நிலையங்களும் 12 தனியார் வைத்தியசாலைகளும் கலந்துகொண்டன. சில நிலையங்களில் வைத்தியப் படிப்பில்லாத உள்ளூர்ப் பெண்களுக்கு இரண்டு மாதப் பயிற்சி கொடுத்து ஆலோசகராக அமர்த்தினார்கள்; மற்றவற்றில் வழக்கமான சிகிச்சையே நடந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சர்க்கார் நிலையங்களில் ஆலோசகர் இருந்த இடத்தில் நூற்றுக்கு 66 பேரும், இல்லாத இடத்தில் 42 பேரும் குணமடைந்திருந்தார்கள். தனியார் வைத்தியசாலைகளில் வித்தியாசமே இல்லை. ஆலோசகர் இல்லாத இடத்திலும் 66 பேர் தேறியிருந்தார்கள். காரணம் என்னவாக இருக்கும்? குடும்ப டாக்டர் ஏற்கெனவே பெயர் சொல்லி அழைத்து, உட்கார வைத்து, நாலு வார்த்தை கேட்கிறார். சர்க்கார் நிலையத்தின் வரிசையில் காணாமல் போன பொருளும் அதுதான். அதை ஆலோசகர் திருப்பிக் கொண்டுவந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது சோதனை 2016 டிசம்பரில் வெளிவந்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வுடன் இருந்த 495 பேர் இதில் சேர்ந்தார்கள். ஆறு முதல் எட்டு முறை ஆலோசகருடன் பேசி, மேலே சொன்ன செயல் முறையைக் கற்றவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு மூன்று மாதத்தில் சோர்வு நீங்கிற்று. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 பேருக்கே நீங்கிற்று. ஒரு வருஷம் கழிந்தும் அந்தப் பலன் நிலைத்தது.

ஆனால் எண்களைவிட முக்கியமான ஒரு விஷயத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். இந்த ஆலோசகர்கள் நோயாளியின் சம்மதத்துடன் தங்கள் பேச்சைப் பதிவு செய்தார்கள். பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு, மதிப்பெண் போட்டார்கள். ‘இங்கே அவர் அழத் தொடங்கினார், நீ ஏன் பேச்சை மாற்றினாய்?’ என்று சக ஊழியர் கேட்கும்போது கிடைக்கும் படிப்பு எந்த வகுப்பில் கிடைக்கும்? சங்கீத வித்வானிடம் சீடன் பாடிக் காட்டித் திருத்திக்கொள்ளும் முறைதான் இதுவும். பயிற்சி என்பது முடிந்துபோகும் காரியமல்ல என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

பாட்டிமாரின் பெஞ்சு

நம்மைவிட வறுமையில் தவித்த மற்றொரு தேசமும் இதே முடிவுக்கு வேறு பாதையில் வந்தது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாடு. அதன் தலைநகர் ஹராரே. 2005-ல் அந்நாட்டுச் சர்க்கார் நகரங்களில் குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் ஏழு லட்சம் பேர் என்று ஐக்கிய நாட்டுச் சபையார் மதிப்பிட்டனர். கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள அத்தேசத்தில் மனநோய் வைத்தியர்களோ பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்களில் ஒருவரான டாக்டர் டிக்ஸன் சிபாண்டாவுக்கு 2006-ல் கிடைத்த உதவியாட்கள் யார் தெரியுமா? ம்பாரே என்ற பேட்டையில் சுகாதார ஊழியம் செய்துவந்த 14 பாட்டிமார்கள்!

சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மர பெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்திருப்பாள். வருகிறவரும் பக்கத்தில் உட்கார்ந்து தம் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். பலவற்றுள் ஒரு கஷ்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தீர்ப்பதற்கு முதலில் செய்யக்கூடியது என்ன என்று இருவருமாக ஆலோசிப்பார்கள். தீர்வைப் பாட்டி சொல்லமாட்டாள். கஷ்டப்படுகிறவரையே சொல்ல வைப்பாள். டாக்டர் முதலில் அதற்கு ‘மனநோய் பெஞ்சு’ என்று பெயர் வைத்தார். ஒருவரும் வந்து உட்காரவில்லை. ‘சிநேக பெஞ்சு என்று வையுங்கள்’ என்று பாட்டிமார் திருத்தினார்கள்; ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். ‘டிப்ரஷன்’ என்ற வார்த்தையையும் பாட்டிமார் தள்ளிவிட்டு, ‘அதிகமாக நினைத்து நினைத்து மாய்வது’ என்று பொருள்படும் ஷோனா பாஷைச் சொல்லான ‘குஃபுங்கிஸிஸா’ என்பதையே உபயோகித்தார்கள். நம் வீடுகளில் ‘ஏன் இப்படி நினைத்து நினைத்து உருகுகிறாய்?’ என்று கேட்பதில்லையா? அதே பேச்சுத்தான்.

இதையும் சும்மா நம்பிவிடவில்லை. 24 சுகாதார நிலையங்களில் 573 பேரைக் கொண்டு சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மனச்சோர்வின் அடையாளங்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேரிடம் இருந்தன; பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் 14 பேரிடம்தான் இருந்தன. இங்கும் பாட்டிமார் தனித்து விடப்படவில்லை. அவர்களுக்கு மேற்பார்வை உண்டு. கை மிஞ்சிய நோயாளியை மேலே அனுப்ப வழியும் உண்டு.

தமிழ்நாட்டில்

கடுமையான மனோவியாதிக்கு இந்த முறை உதவுமா என்று கேட்கலாம். மருந்தும் மனநோய் வைத்தியரும் அங்கே அவசியம். ஆயினும் அவற்றுடன் உள்ளூர் ஊழியரும் சேர்ந்தால் பலன் கூடும். சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ ஸ்தாபனம், கோவாவுடனும் மகாராஷ்டிரத்து ஸதாராவுடனும் சேர்ந்து, காஞ்சீபுரம் பக்கத்துக் கிராமங்களில் இதைச் சோதித்தது. ஸ்கிட்ஸோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயுள்ள 282 பேர் மூன்று இடங்களிலும் சேர்ந்தார்கள். உள்ளூர் ஊழியர் வீட்டுக்கு வந்து, மருந்து தவறாமல் சாப்பிடவும், வேலைக்குத் திரும்பவும், குடும்பத்தார் பொறுமை இழக்காமலிருக்கவும் துணை செய்தார். 2014-ல் வெளியான முடிவு பிரமாதமானதல்ல, மிதமான பலன்தான். ஆனால் அந்தப் பலன் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே நன்றாகத் தெரிந்தது. வேறு உதவி எட்டாத இடத்தில்தான் இந்த உதவியின் அருமை விளங்குகிறது. 2010 முதல் இதே ஸ்தாபனம் புதுக்கோட்டை ஜில்லாக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பி, சென்னையிலிருக்கும் டாக்டரைத் திரையில் காட்டி, பஸ்ஸிலேயே மருந்தும் கொடுத்து வந்திருக்கிறது.

எதை விட்டுவிடுகிறோம்?

அமிர்தசரஸ் முதல் ஹராரே வரையில் நாம் பார்த்தவற்றில் ஒரு பாடம் தெளிவாகிறது. நல்ல முறை ஒன்று ஓரிடத்தில் வெற்றி பெறுகிறது. அதைப் பரப்பப் போகிறவர்கள் செலவைக் குறைக்க வேண்டுமென்று, கண்ணுக்குத் தெரியாத பகுதியை வெட்டிவிடுகிறார்கள். புத்தகம் அச்சாகிறது, பயிற்சி வகுப்பு நடக்கிறது, புகைப்படம் எடுக்கிறார்கள். வாரந்தோறும் நடந்த மேற்பார்வை, ஊழியருக்கு முறையான ஊதியம், ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் ஒதுக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் கணக்குப் புத்தகத்தில் இடம் பெறுவதில்லை. ஆராய்ச்சி நடந்தபோது குணப்படுத்தியவை அந்த மூன்றும்தான்! பிறகு, ‘அந்த முறை நம் ஊருக்கு ஒத்துவரவில்லை’ என்று முறையின் மேல் பழி போடுகிறார்கள்.

இன்னோர் அபாயமும் உண்டு. ஏற்கெனவே கர்ப்பிணி, குழந்தை, காய்ச்சல், தடுப்பூசி என்று பத்துப் பதிவேடுகள் சுமக்கும் கிராமச் சுகாதார ஊழியர் தலையில் இதையும் பதினோராவது பதிவேடாக ஏற்றினால், அது பதிவேடாகவே நின்றுவிடும். 2021-ல் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்லத் தனியாக ஆட்களை அமர்த்தினார்கள். வாசல் வரை போக முடியும் என்பது நிரூபணமாயிற்று. வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்பதற்கு ஆளும் சம்பளமும் மேற்பார்வையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், சர்க்கார் செலவில் நடக்கும் நிலையங்களில் மனநோய்க்குச் சிகிச்சை பெறுவதைப் பிரஜையின் உரிமையாக்கியிருக்கிறது. நோயாளியைச் சங்கிலியிட்டுக் கட்டுவதையும் தடுத்திருக்கிறது. 2022 அக்டோபர் 10-ந் தேதி முதல் ‘டெலி மானஸ்’ என்ற தொலைபேசி உதவியும் நடக்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒருவர் ‘உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?’ என்று சொன்னால் அதை விளையாட்டென்று தள்ளாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்த எண்ணுக்கும் சொல்லுங்கள். டாக்டரிடமும் அழைத்துப் போங்கள்.

உரிமை என்பது கேட்கிறவர் இருந்தால்தான் உயிரோடிருக்கும். ரேஷன் கடையில் அரிசி இல்லையென்றால் நாம் கேட்கிறோம். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் பத்துப் பேராகச் சேர்ந்து கேட்கிறோம். அடுத்த முறை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, ‘இங்கே மனக் கஷ்டத்தைக் கேட்பதற்கு யார் இருக்கிறார்? எந்தக் கிழமை வருகிறார்? அவர் வேலையை யார் வந்து பார்க்கிறார்கள்?’ என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். முதல் மாதம் விடை கிடைக்காமல் போகலாம். மறு மாதமும் போய்க் கேளுங்கள். பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.